நான்கு கையளவு ரப்பர்

2012-இல் ஜப்பானிலிருந்து ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு கதவு, தரையை ஒட்டிப் பதுங்கிய உடல், நீண்ட மூக்கு, பின்சக்கரங்களைத் தள்ளும் எஞ்சின். ஜப்பானில் அதற்கு டொயோட்டா 86 என்று பெயர், ஐரோப்பாவில் ஜிடி86, அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ். கூட்டாளியான சுபாரு தன் முத்திரையைக் குத்தி விற்றபோது பிஆர்இசட். அந்தக் காரின் சக்கரத்தருகே குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்தவர்கள் குழம்பிப்போனார்கள். மிஷலின் பிரைமஸி எச்பி, 215 மில்லிமீட்டர் அகலம். பெட்ரோல் சிக்கனத்துக்கென்றே பெயர் வாங்கிய பிரியஸ் ஹைபிரிட் காரின் ஒரு வகைக்கும் அதே டயரைத்தான் போட்டிருந்தார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான டயர் வேண்டும், சாலையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இங்கே வேண்டுமென்றே அதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு ஆரம்பத்திலேயே மூன்று ‘வேண்டாம்’களை எழுதிக்கொண்டது. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், விசேஷ டயர் வேண்டாம். கட்டுப்படியாகும் விலையில் ஒரு கூப்பே வாங்க நினைப்பவர், புதியதோ பழையதோ, இந்த மூன்றின் பின்னால் இருக்கும் இயற்பியலைப் புரிந்துகொண்டால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் குதிரைத்திறனைப் பார்த்து மயங்க மாட்டார். கூப்பே தரும் இன்பத்தில் பெரும்பங்கு டயர் தரையைத் தொடும் இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் கட்சி. வாங்கும்போதும் அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

அந்த இடம் எவ்வளவு பெரியது? கணக்கு எளிது. இந்தக் காரின் எடை சுமார் 1,250 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்து 1,320 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 330 கிலோ. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அந்த அழுத்தம் அந்தச் சுமையைத் தாங்க ஏறத்தாழ 135 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் பதிந்தாக வேண்டும். விரித்த ஒரு கையின் பரப்பு அவ்வளவுதான். நான்கு சக்கரத்தையும் கூட்டினாலும் ஓர் ஏ4 தாளின் பரப்புக்கு எட்டாது. எஞ்சினின் வேகம், பிரேக்கின் பிடி, திருப்பத்தின் வளைவு எல்லாமே அந்தத் தாளளவு ரப்பரின் வழியாகத்தான் சாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இனிதான் எனக்குச் சலிக்காத பகுதி. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் தான் நோக்கும் திசையிலேயே அப்படியே உருண்டு போவதில்லை. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் நடுவே சில டிகிரி இடைவெளி இருக்கும். பொறியாளர்கள் அதைச் சறுக்குக் கோணம் என்பார்கள். இது டயர் வழுக்கிவிட்டது என்று பொருள்படாது. ரப்பர் வளைந்து கொடுக்கிறது, அவ்வளவே. டயரின் ஒரு துணுக்கை மட்டும் கவனியுங்கள். சுழன்று கீழே வந்து தரையைத் தொடும் கணத்தில் அது நேராக இருக்கிறது. தரை அதைப் பிடித்துக்கொள்கிறது. மேலே இருக்கும் சக்கரமோ சற்றே வேறு திசையில் நகர்கிறது. அதனால் டயர் தரையில் பதியும் இடமான பதிவின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரத்துக்குப் போகப்போக அந்தத் துணுக்கு பக்கவாட்டில் மேலும் மேலும் இழுபடுகிறது. கடைசியில் தரையை விட்டு எழும்போது படக்கென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. பதிவின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இந்த நாடகம் முழுவதும் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த துணுக்கு வந்துவிடும். காரை வளைவில் திருப்பும் பக்கவாட்டு விசை இந்த இழுபட்ட ரப்பர் தன் நிலைக்குத் திரும்ப முயலும் விசைதான்.

ரப்பர் அதிகமாக இழுபடுவது பதிவின் பின்பகுதியில். ஆகவே பக்கவாட்டு விசையின் மையமும் சக்கரத்தின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால்தான் விழும். அந்தச் சிறு தூரம் ஒரு நெம்புகோலாகி, திருப்பிய சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். வளைவில் ஸ்டியரிங் கையில் பாரமாக உணர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேகத்தை இன்னும் கூட்டுங்கள். இழுபட்ட ரப்பரில் பின் ஓரத்தில் இருப்பது முதலில் பிடியை விட்டு நழுவத் தொடங்கும். நழுவும் பகுதி பெருகப்பெருக விசையின் மையம் முன்னால் நகர்ந்து நெம்புகோல் குட்டையாகும். இதனால் ஓர் அற்புதம் நடக்கிறது. டயரின் மொத்தப் பிடிமானம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, உச்சத்தைத் தொடவில்லை. ஆனால் ஸ்டியரிங்கின் பாரம் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகிறது. இனி அதிகம் மிச்சமில்லை என்ற செய்தி, கார் வழுக்குவதற்கு முன்பே, ஓட்டுபவரின் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. யாரும் கணினி நிரல் எழுதி வைத்த எச்சரிக்கை இது அல்ல. ரப்பரின் இயல்பிலேயே இருக்கிறது.

நல்ல கூப்பே என்பது இந்தச் செய்தியை மறைக்காமல் கடத்தும் கார். அகலமான, பிடிப்பு மிகுந்த பந்தய வகை டயர்களின் எல்லை மிக உயரத்தில் இருக்கும். பொதுச்சாலையில் அந்த எல்லைக்கு அருகே போவதே குற்றம். போனாலும் பிடி அறுபடுவது பெரும்பாலும் சட்டென்று நடந்துவிடும். பிரைமஸியைப் போன்ற அடக்கமான டயரின் எல்லை தாழ்வானது, படிப்படியாக அணுகக்கூடியது. 200 குதிரைத்திறன் மட்டுமே உள்ள காரால் அதோடு உரையாட முடிகிறது. டாடாவின் குழு அதைத்தான் கணக்குப் போட்டது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்தக் காருக்கு 7.6 நொடி பிடிக்கும். இன்றைய சாதாரண மின்சார செடான்கள் பலவும் அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அது குறையில்லை என்பதை ஒரு வளைவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எடை. டயருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதன் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாகாது. அதற்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். எனவே வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமை மாறும்போது, வெளிப்பக்கம் பெறும் பிடி உட்பக்கம் இழக்கும் பிடியை ஈடுகட்டாது. மொத்தத்தில் நஷ்டம்தான். எவ்வளவு சுமை மாறும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், இடது வலது சக்கரங்களுக்கிடையே எவ்வளவு அகலம். 86-இன் ஈர்ப்பு மையம் 46 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சக்கர அகலம் சுமார் 153 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் 0.9 பங்கு பக்கவாட்டு விசையோடு திரும்பும்போது மொத்த எடையில் 27 சதவீதம் வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். அதாவது வெளிப்பக்கம் 77, உட்பக்கம் 23. ஈர்ப்பு மையத்தை 10 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்திப் பாருங்கள்: 83-க்கு 17. உட்பக்கச் சக்கரங்கள் பேருக்குத்தான் தரையில் இருக்கின்றன.

மையத்தை இவ்வளவு தாழ்வாகக் கொண்டுவந்ததில் சுபாருவின் பங்கு பெரிது. 2005-இல் டொயோட்டா சுபாருவின் தாய் நிறுவனத்தில் பங்கு வாங்கியது. 2008-இல் அதைக் கூட்டியபோது சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்வோம் என்ற அறிவிப்பும் வந்தது. சுபாருவிடம் 1966 முதல் கைப்பழக்கமான ஒரு வித்தை இருந்தது: பிஸ்டன்கள் செங்குத்தாக நிற்காமல் இடமும் வலமும் படுத்தபடி எதிரெதிரே ஓடும் பாக்ஸர் எஞ்சின். ஒரு பிஸ்டன் வெளியே போகும்போது எதிரே உள்ளதும் வெளியே போகும். இரண்டின் உதைப்பும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். படுத்த எஞ்சின் தட்டையாக இருப்பதால் பானெட்டுக்கு அடியில் மிகத் தாழ்வாக அதை வைக்கலாம். இந்தக் காரின் 1,998 சிசி எஞ்சினில் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் சரியாக 86 மில்லிமீட்டர். பெயருக்கும் அளவுக்கும் இப்படிப் பொருத்தம் பார்க்கும் பொறியாளர்களை எனக்குப் பிடிக்கும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காவடித் தண்டின் இரு முனையிலும் குடத்தைத் தொங்கவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பிறகு அதே குடங்களைத் தோளுக்கருகே இழுத்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். எடை ஒன்றுதான், திரும்புவதும் நிற்பதும் வேறு. எஞ்சினை முன்னச்சுக்குப் பின்புறமாக, காரின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளி வைத்ததால் கார் திரும்பவும் மறுக்கவில்லை, திரும்பிய பின் நிற்கவும் அடம்பிடிக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் காது உணரும். அதற்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. தலை சுழலத் தொடங்கியவுடன் அந்தத் திரவம் பின்தங்கி, நாம் சுழல்கிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. ஓட்டுபவர் கை அசைத்ததற்கும் காது அந்தச் சுழற்சியை உணர்வதற்கும் நடுவே உள்ள தாமதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அந்தக் கார் தன் உடம்பின் நீட்சியாகத் தோன்றும். குதிரைத்திறன் எத்தனை ஏறினாலும் இந்தத் தாமதம் குறையாது.

இதற்கெல்லாம் ஒரு பூர்வகதை உண்டு. 1983-இல் டொயோட்டா கொரோலா லெவின், ஸ்பிரின்டர் ட்ருயெனோ என்ற இரண்டு கூப்பேக்களை வெளியிட்டது. உள்ளுக்குள் அவற்றின் குறியீடு ஏஇ86. சாதாரண குடும்பக் காரின் எலும்புக்கூடு, 1.6 லிட்டர் இரட்டை கேம் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின்சக்கர இழுவை. மற்ற கொரோலாக்கள் முன்சக்கர இழுவைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவை மட்டும் பழைய வழியில் நின்றன. 1987-இல் உற்பத்தி நின்றது. மலிவான பழைய வண்டியாக ஏஇ86 இளைஞர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கெய்ச்சி சுச்சியா என்ற பந்தய ஓட்டுநர் மலைப்பாதைகளில் அதைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் கலையைப் பிரபலமாக்கினார். 1995-இல் ஷூய்ச்சி ஷிகெனோ ‘இனிஷியல் டி’ என்ற சித்திரக்கதையைத் தொடங்கினார். அதில் அப்பாவின் கடைக்காக விடியற்காலையில் மலைமேல் டோஃபு கொண்டுபோகும் பையன் ஓட்டுவது ஏஇ86. கதையில் வரும் அகினா மலைக்கு முன்மாதிரி குன்மா மாகாணத்தின் ஹருனா மலை. 2012-இல் புதிய 86-ம் பிஆர்இசட்டும் உருவானது அதே குன்மா மாகாணத்தில், ஓட்டா நகரிலுள்ள சுபாரு ஆலையில். அந்தச் சித்திரக்கதையின் புண்ணியத்தில் பழைய ஏஇ86 இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. மலிவுக்காக அதைத் தேடுவதில் பயனில்லை.

இப்போது விலைக்கு வருவோம். அமெரிக்காவில் 2012-இல் எஃப்ஆர்-எஸ்ஸின் தொடக்க விலை 24,200 டாலர். 2021-இல் இரண்டாம் தலைமுறை வந்து, 2022 மாடல் ஜிஆர்86-இன் தொடக்க விலை 27,700 டாலர் ஆனது. இடைப்பட்ட பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலை ஏறவே இல்லை. எஞ்சின் மட்டும் 2.4 லிட்டராக வளர்ந்தது. இந்த வளர்ச்சியில் குதிரைத்திறன் 228 ஆனதைவிட முக்கியமானது வேறொன்று. முதல் தலைமுறை எஞ்சினில் நிமிடத்துக்குச் சுமார் 3,500 முதல் 4,500 சுற்றுவரை இழுவிசையில் ஒரு பள்ளம் இருந்தது. வேகமாக முந்த நினைக்கும் நேரத்தில் எஞ்சின் ஒரு கணம் யோசிக்கும். அதன் உச்ச இழுவிசை 6,400 சுற்றுக்கு மேல்தான் வந்தது. புதியதில் 3,700-லேயே வந்துவிடுகிறது. அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். கையில் பணம் இருந்தால் இரண்டாம் தலைமுறையைத்தான் வாங்கச் சொல்வேன். பணம் குறைவென்றால் முதல் தலைமுறையில் முற்பகுதியைத் தவிர்த்துப் பிற்பகுதி மாடல்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஏன் முற்பகுதியைத் தவிர்க்க வேண்டும்? 2018 நவம்பரில் ஆரம்ப காலக் கார்களின் வால்வு ஸ்பிரிங்குகள் முறியக்கூடும் என்று ரீகால் அறிவிக்கப்பட்டது. பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர் தலைகள் இரண்டு பக்கமும் காரின் உடலோடு நெருக்கிக்கொண்டு இருக்கும். நிமிர்ந்து நிற்கும் எஞ்சினில் மேல்மூடியைத் திறந்து முடித்துவிடக்கூடிய வேலை இங்கே எஞ்சினையே கழற்றி இறக்கும் வேலையாகிவிட்டது. கழற்றியதை மீண்டும் சேர்க்கும்போது தவறு நேரலாம்; அப்படிப் பழுதுபார்த்த சில எஞ்சின்கள் பின்னர் கெட்டுப்போன செய்திகளும் வந்தன. காரின் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டால் ரீகால் வேலை பாக்கியிருக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம். செய்யப்பட்டிருந்தால் யார், எப்போது செய்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள்.

இரண்டாம் தலைமுறைக்கும் ஒரு சிக்கல் பேசப்பட்டது. பந்தயத் தடத்தில் நீண்ட வலது வளைவுகளில் ஆயில் அழுத்தம் விழுகிறது என்றும், ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் சீலன்ட் துணுக்குகள் சிக்கியிருக்கின்றன என்றும் உரிமையாளர்கள் சொன்னார்கள். இதன் இயற்பியல் அழகானது. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும்போது எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலைப் பொறுத்தவரை ‘கீழே’ என்ற திசையே 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி ஒதுங்கிக்கொள்ளும். படுத்த எஞ்சினில் அது ஒதுங்க ஒரு சிலிண்டர் தலையே காலியாகக் காத்திருக்கிறது. சாலையில் மட்டும் ஓடிய காருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. முந்தைய உரிமையாளர் பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போயிருந்தால் நிதானமாக விசாரியுங்கள்.

கைகியர் காரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எஞ்சின் 7,400 சுற்றைத் தாண்டாதபடி எரிபொருளை நிறுத்தும் காவல் இருக்கிறது. மூன்றாவது கியரில் 7,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது நான்காவதுக்கு மாற்றுவதாக நினைத்துக் கை தவறி இரண்டாவதில் போட்டுக் கிளட்ச்சை விட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கியரின் விகிதம் 1.541, இரண்டாவதன் விகிதம் 2.188. ஓடும் சக்கரங்களே எஞ்சினை ஏறத்தாழ 9,900 சுற்றுக்கு இழுத்துவிடும். எரிபொருளை நிறுத்தும் காவல் அதைத் தடுக்க முடியாது. அந்த வேகத்தில் ஸ்பிரிங்குகள் வால்வுகளைக் கேமின் ஓட்டத்துக்கு ஈடாக மூட முடியாமல் பின்தங்கும். பிஸ்டன் ஏறி வந்து வால்வை இடிக்கலாம். கார் அன்றைக்கே நிற்காமலும் போகலாம். ஆகவே கம்ப்ரஷன் பரிசோதனை இல்லாமல் கைகியர் கூப்பே வாங்காதீர்கள். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்.

போன கோடையில் நியூஜெர்சியில் என் அக்கா மகன் ஒரு முதல் தலைமுறை பிஆர்இசட்டைப் பார்த்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போனான்.

“மாமா, வண்டி பக்காவா இருக்கு. ஒரே ஓனர். ஹிஸ்டரி ரிப்போர்ட்ல ஒரு ஆக்ஸிடென்ட்கூட இல்ல.”

“எஞ்சின் சூடா இருக்கா, ஆறியிருக்கான்னு முதல்ல தொட்டுப் பாருடா.”

பானெட் ஆறிப்போய்த்தான் இருந்தது. நல்ல அறிகுறி, குளிர்ந்த எஞ்சினால் சத்தத்தையும் புகையையும் மறைக்க முடியாது. ஸ்டார்ட் செய்தவுடன் சில்வண்டு கத்தும் சத்தம் வந்தது. அவன் முகம் மாறியது. அது உயர் அழுத்த எரிபொருள் பம்ப்பின் சத்தம், இந்த எஞ்சின்களில் வழக்கமானது என்று விற்கும் பெண்ணே விளக்கினார். அவர் காரை நன்றாக அறிந்தவர் என்று தெரிந்தது. பிறகு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, இடது முன்டயரின் பள்ளங்களுக்குக் குறுக்கே உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழப்பு. உள்ளிருந்து வெளியே தடவினால் ஒவ்வொரு கட்டையின் விளிம்பும் கூர்மையாக விரலைப் பிடித்தது. அவனையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். கண்ணுக்கு அந்த டயர் புதிதாகத்தான் தெரிந்தது.

சக்கரம் நேராக நிற்காமல் சற்றே உள்ளோ வெளியோ பார்த்தபடி உருளும்போது ரப்பர் நேர்ச்சாலையிலும் ஓயாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும்; அந்தத் தேய்மானம் இப்படி ஒருபக்கக் கூர்மையைத் தரும். வலது டயரில் அது மிகக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் எதிலோ இடித்து அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி வளைந்திருக்க வாய்ப்புண்டு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. முன்டயர் இரண்டும் ஒரே தேதி, பின்டயர் இரண்டும் வேறு நிறுவனம், வேறு ஆண்டு. அதில் தவறில்லை, மனதில் குறித்துக்கொண்டோம். அடுத்து பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி. அதன் அளவீட்டு முறைகளில் ஒன்று காந்தப்புலத்தைக் கொண்டு இரும்பின் தூரத்தை அளக்கும். இந்தக் காரின் பானெட் அலுமினியம் என்பதால் அங்கே சுழல்மின்னோட்ட முறைக்கு மாற்ற வேண்டும். கதவிலும் கூரையிலும் நூறு மைக்ரானை ஒட்டிய எண்கள். இடது முன் ஃபெண்டரில் மட்டும் அதைப்போல மூன்று மடங்கு.

கேட்டவுடன் அந்தப் பெண் தயங்காமல் சொன்னார். பனிக்காலத்தில் நடைபாதை விளிம்பில் ஏறி இடித்ததாம். காப்பீட்டுக்குப் போனால் பிரீமியம் ஏறும் என்று கைக்காசு போட்டுச் சரிசெய்தாராம். வரலாற்று அறிக்கைக்கு யாராவது தெரிவித்தது மட்டும்தான் தெரியும். தெரிவிக்காததை டயர் வைத்திருந்தது. அவன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டி அலைன்மென்ட் அளவுகளை எடுத்து, வளைந்த பாகத்துக்கான செலவைக் கழித்துப் பேசி வாங்கினான். அந்தக் கார் நன்றாகவே ஓடுகிறது.

மெக்கானிக் காரின் கணினியோடு செருகிப் பார்க்கும் ஓபிடி கருவியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1996 முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் இந்த இணைப்பு கட்டாயம். பிழைக்குறியீடு ஒன்றும் இல்லை என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். காரின் கணினி தன் உள்சோதனைகளை முடித்துவிட்டதா என்பதையும் அதே கருவி காட்டும். யாராவது விற்பதற்கு முன் பிழைகளை அழித்திருந்தால் அந்தச் சோதனைகளும் அழிந்து, முடியவில்லை என்ற நிலைக்குப் போய்விடும். பல நாள் ஓடினால்தான் அவை மீண்டும் நிறைவடையும்.

வேறு கூப்பேக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பழைய சந்தையில் ஆசை காட்டும் விலைக்குக் கிடைக்கும். 2003-இல் வந்த அதன் சுழல் எஞ்சின் அந்த ஆண்டின் உலகச் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. பிஸ்டனே கிடையாது, முக்கோண ரோட்டார் சுழன்றபடி அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்களால் அறையைப் பிரிக்கிறது. அந்தச் சீல்கள் தேயும்போது கம்ப்ரஷன் போய்விடும். சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும். சாதாரண அளவுமானியால் அதைச் சரியாக அளக்க முடியாது, ரோட்டரிக்கென்ற தனிக் கருவி வேண்டும். அதை வைத்திருக்கும் மெக்கானிக் அருகில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். ஃபோர்டு மஸ்டாங்கின் 2015 ஈக்கோபூஸ்ட் 310 குதிரைத்திறன் தருகிறது, இருக்கை தாராளம், நெடுஞ்சாலையில் சுகம். எடை ஏறத்தாழ 1,600 கிலோ. 100 கிலோமீட்டர் வேகத்தில் 86-இன் இயக்க ஆற்றல் சுமார் 480 கிலோஜூல், மஸ்டாங்கினுடையது சுமார் 615. பிரேக்கும் டயரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதலைச் சுமந்தாக வேண்டும். தேய்மானச் செலவும் அதன்படியே வரும்.

வாங்கிய வாரத்திலேயே பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். கிளைகாலால் ஆன அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகான தரநிலை 155 டிகிரி மட்டுமே. மலை இறக்கத்தில் கொதித்தால் நீராவிக் குமிழ்கள் அமுங்கிக் கொடுக்கும், பெடல் தரைவரை போய்விடும்.

காரின் எல்லையைத் தேடுவதற்குப் பொதுச்சாலை இடமல்ல. 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா நாடெங்கும் ஆட்டோகிராஸ் நடத்துகிறது: பெரிய காலி வாகன நிறுத்துமிடம், வழி காட்டும் ரப்பர் கூம்புகள், ஒரு நேரத்தில் சில கார்கள் மட்டும். ஹெல்மெட்டும் சரியான டயரும் இருந்தால் சொந்தக் காரோடு போகலாம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 பங்கு) பிடிமானம் உள்ள டயர் மணிக்கு 41 கிலோமீட்டரிலேயே தன் எல்லைக்கு வந்துவிடும். ஸ்டியரிங் இலேசாகும் அந்தக் கணத்தை அங்கே நிதானமாக, திரும்பத் திரும்ப, யாருக்கும் தீங்கில்லாமல் உணரலாம். முதல் பருவத்தில் டயரை மாற்றாதீர்கள். 1.1 ஜி தரும் ஒட்டும் டயரில் அதே வளைவின் எல்லை 46 கிலோமீட்டருக்கு நகரும். கற்றுக்கொள்ளும் கைக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் அவசியமில்லை. மழை அறிவித்த நாளென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நனைந்த தரையில் பிடிமானம் 0.6 ஜி என்று கொண்டால் எல்லை 34 கிலோமீட்டருக்கு இறங்கி வரும். டயரும் குறைவாகத் தேயும்.